சுறா சொன்ன கத்தரி

"வேற எவனுக்கும் இந்தக் கலரைக் கொடுக்காதே, சொல்லிட்டேன்."

தூண்டில் கடைக் கல்லாவில் முழங்கையை ஊன்றிக்கொண்டு உத்தரவு போட்டார் சுறா. கையில் புது உருளை. பச்சையும் ஆரஞ்சும் மாறி மாறி வரும் பின்னல் தூண்டில் நரம்பு. அவருக்காகவே கடைக்காரர் வரவழைத்தது.

"உங்களுக்கு மட்டும்தான் சார். ஆனா, போன உருளை அதுக்குள்ள தீர்ந்துடுச்சா?"

"தினம் ஏரிக்குப் போறவனுக்குத் தீராதா? தூரத்துல பார்த்தாலே இது சுறாவோட நரம்புன்னு தெரியணும்யா."

"தெரியும் அத்தான்!" என்றான் கூட வந்த மைத்துனன். அத்தானுக்கு ஆமாம் போடுவதைத் தவிர அவனுக்கு வேறு வேலை கிடையாது.

சுறா என்பது அவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம். ஒரு முறை சுறா பிடித்தாராம். பார்த்த ஆள்தான் இன்னும் கிடைக்கவில்லை.

அப்போது ஒரு பெண் வேகமாக உள்ளே வந்தாள். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை. கையில், துண்டு போட்டு மூடிய அட்டைப் பெட்டி. அதை அலுங்காமல் பெஞ்சில் வைத்தாள்.

"பின்னல் நரம்பை வெட்ட என்ன இருக்கு? வீட்டுக் கத்தரி வழுக்குது. நகவெட்டி நசுக்குதே தவிர வெட்ட மாட்டேங்குது."

கடைக்காரர் வாயைத் திறக்கும் முன் சுறா திறந்தார்.

"நகவெட்டியா! நல்லவேளை, பல்லால கடிக்காம விட்டீங்க. அப்படியும் சில ஜென்மங்கள் இருக்கு. என்ன மீன் பிடிப்பீங்க?"

"மீன் பிடிக்கிற பழக்கமே இல்லைங்க."

மைத்துனன் களுக்கென்று சிரித்தான்.

"ஊசிமுனைக் கத்தரி ஒண்ணு எடுத்துப் போடுப்பா. இதான் நான் வச்சிருக்கிறது" என்றார் சுறா.

அந்தப் பெண் ஒரு காரியம் செய்தாள். கல்லாவில் கிடந்த துண்டு நரம்பை எடுத்துத் தன் சுண்டுவிரலில் இறுக்கிச் சுற்றினாள். கத்தரி முனையை நரம்புக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்தாள். முனை குத்தியது. ரத்தம் எட்டிப் பார்த்தது.

"இது வேணாம்."

"நரம்பை வெட்ட வந்தீங்களா, விரலை வெட்ட வந்தீங்களா?"

கடையே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பெட்டியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

கடைக்காரர் பேட்டரியில் சூடாகும் கம்பியைக் காட்டினார். தொட்டாலே நரம்பு உருகிவிடுமாம்.

"சூடு ஆகாதுங்க."

இடுக்கி மாதிரி ஒரு வெட்டியைக் காட்டினார். அதையும் விரலில் வைத்துப் பார்த்தாள்.

"அலகு தடிமனா இருக்கு. அடியில போகலை. மூலையில தொங்குதே, அந்த மழுங்குன மூக்குக் கத்தரி?"

"அதுவா? பாப்பாவுக்கு வாங்கிக் கொடுக்கிற சாமான்!" சுறாவுக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. என் நரம்பு செடியில சிக்குச்சுன்னா நான் நோண்டிக்கிட்டு நிக்க மாட்டேன். ஒரே வெட்டு. அறுத்து விட்டுட்டு அடுத்ததைக் கட்டுவேன். கத்தரி அதுக்குத்தான். விரல்ல சுத்தி வித்தை காட்டுறதுக்கு இல்லை."

அவள் காதில் வாங்கவே இல்லை. அந்தக் குட்டிக் கத்தரியின் அலகில் பொடிப் பொடியாகப் பற்கள் இருந்தன. மழுங்கிய முனை விரலைக் குத்தாமல் நரம்புக்கு அடியில் நுழைந்தது. பற்கள் நரம்பை வழுக்க விடாமல் பிடித்துக்கொண்டன. சட்டென்று அறுந்தது.

"இதுதான். இங்கேயே வெட்டிக்கலாமா? இன்னும் நேரமாச்சுன்னா கால் போயிடும்."

"யார் கால்?" கடைக்காரர் பதறினார்.

துண்டை விலக்கினாள். பெட்டிக்குள் ஒரு நாரை. ஒரு காலில் சேறும் காய்ந்த ரத்தமுமாக நரம்பு சுற்றிச் சுற்றி இறுகியிருந்தது. அதற்குக் கீழே பாதம் வீங்கிக் கிடந்தது.

"ஏரிக்கரைச் செடியில மாட்டித் தலைகீழாத் தொங்கிட்டிருந்துச்சு. நரம்பு சதைக்குள்ள இறங்கிடுச்சு. இழுக்கவும் முடியலை."

சுறா கொதித்துப் போனார்.

"எந்த அறிவுகெட்டவன் பார்த்த வேலை இது? வெட்டுன நரம்பைப் பொறுக்கிட்டு வரத் துப்பில்லாதவனுக்குத் தூண்டில் ஒரு கேடா? இவனுங்களாலதான் நம்ம எல்லாருக்கும் கெட்ட பேரு. எவன்னு மட்டும் தெரியட்டும், ஏரிப்பக்கமே தலைகாட்ட முடியாம பண்ணிடுறேன்!"

"விடாதீங்க அத்தான்!"

"யாராவது தலையைக் கொஞ்சம் பிடிச்சுக்கிறீங்களா?" என்றாள் அவள்.

"கொத்திடும்" என்று சுறா இரண்டடி பின்னால் போனார். கடைக்காரர்தான் வந்து பிடித்தார்.

ஒவ்வொரு சுற்றாக அறுத்தாள். கடைசிச் சுற்று விழுந்ததும் நாரை மெல்ல விரல்களை விரித்தது, மடக்கியது, மறுபடி விரித்தது.

"கால் பிழைச்சுக்கும்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அறுத்துப் போட்ட நரம்பைக் கடைக்காரர் தண்ணீரில் அலசினார். சேறு கரைந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

பச்சை. ஆரஞ்சு. மறுபடி பச்சை.

சுறாவின் கையிலிருந்த புது உருளை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போனது.

மைத்துனன் வழக்கம்போல வாயெல்லாம் பல்லாகச் சொன்னான்.

"நீங்க சொன்னது சரியாப் போச்சு அத்தான்! பார்த்தவுடனே உங்க நரம்புன்னு தெரியுதே!"