எதிரிக்கு ஒரு பெட்டி மக்ரூத்

"ஷாத்லி இனிமே எழுதமாட்டாராம், ஓய்வாம்!" என்று கணவரிடம் துள்ளினாள் நாஜியா. "உங்க பார்க்கின்சன் கட்டுரை ஒவ்வொண்ணையும் தப்பு தப்புன்னு கிழிச்சு எழுதுவாரே, அந்தப் பீடை ஒழிஞ்சுது!"

மூளை ஆராய்ச்சியாளர் முன்ஸிஃபுக்கு முகம் வெளுத்தது. அவர் கட்டுரைகளை மற்றவர்கள் இன்னும் கொஞ்சம் மேற்கோள் காட்டினால்தான் பேராசிரியர் பதவி. ஸ்ஃபாக்ஸ் நகரக் கடைத்தெருவில் ஒரு பெட்டி மக்ரூத், பேரீச்சை வைத்த ரவை இனிப்பு, வாங்கிக்கொண்டு, நேரே ஷாத்லி வீட்டுக் கதவைத் தட்டினார்.

"என்ன தம்பி, சமாதானமா?"

"ஐயோ, வேண்டாண்ணே! இன்னும் ரெண்டு வருஷம் என்னைத் திட்டி எழுதுங்க. திட்டினாலும் மேற்கோள் கணக்குல சேருது. உலகத்துலயே என் கட்டுரையைப் படிக்கிறது நீங்க ஒருத்தர்தான்!"

ஷாத்லி ஒரு மக்ரூத்தை எடுத்துக் கடித்தார்.

"சரி, எழுதறேன். ஆனா தப்பையெல்லாம் கொஞ்சம் பெருசாப் பண்ணு தம்பி. இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியல."