லஸ்ஸாதின் பாதி

ஸ்ஃபாக்ஸ் நகரத்துப் பதிப்பகத்தில் எனக்கும் லஸ்ஸாதுக்கும் ஒரே கணினி. லினக்ஸ் போட்டு, கணினியின் ஹார்ட் டிஸ்க் வட்டை ஆளுக்கொரு பகுதியாகப் பிரித்திருந்தார்கள். பெரிய பகுதி அவனுக்கு. மேஜையிலும் அப்படித்தான், நகரச் சொன்னால் முழங்கையை இன்னும் அகட்டி வைப்பான். போன ரமலானுக்கு முன் இறந்துபோனான்.

அவன் பகுதியைச் சுருக்கி என்னுடையதைப் பெரிதாக்க இன்று உட்கார்ந்தேன். யாரும் பயன்படுத்தாத பகுதியைத்தான் சுருக்க முடியும். கணினி மறுத்தது: 'இப்பகுதி பயன்பாட்டில் உள்ளது.'

"செத்தும் இடத்தை விடமாட்டேங்கிறான் பாரு!"

பக்கத்து மேஜை ராழியா சிரித்தாள். "அரபி எழுத்து மாதிரி வலப்பக்கத்துலேர்ந்து படிச்சிருப்பே மோன்ஜியா. உன்னோடதையே அமுக்கியிருப்பே."

"அவன் பேரு கூடவா எனக்குப் படிக்கத் தெரியாது?"

கணினியை அணைத்து, பென் டிரைவிலிருந்து துவக்கினேன். அப்படிச் செய்தால் கணினி பென் டிரைவிலிருந்தே ஓடும், வட்டை எதுவும் பயன்படுத்தாது. அவன் பகுதி அப்போதும் பயன்பாட்டில்தான் இருந்தது.

எனக்கு எரிச்சல் தலைக்கேறியது. மேஜையில் ஓங்கி அடித்தேன்.

"கொஞ்சம் நகருடா, லஸ்ஸாத்!"

ராழியா சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்து திரையைப் பார்த்தாள். இரண்டு பகுதிகளுக்கும் நடுவிலிருந்த கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது.

என் பக்கமாக.