பாதித் தேன்

ஒரு வருஷம் மழை பொய்த்துப் பூக்கள் குறைந்துபோயின. தேன்கூட்டில் வரவைவிடச் செலவு கூடியது. தேனீக்கள் சபை கூட்டின.

"புழுக்களுக்கு ஊட்டுவதை அடியோடு நிறுத்திவிடுவோம்," என்றது காவல் தேனீ.

"பச்சைப் பிள்ளைகளைக் கொல்வதா? நம் பங்கைக் குறைத்துக்கொள்வோம்," என்றது ஊட்டும் தேனீ.

பெரிய கூச்சல் எழுந்தது. கீழடுக்கின் பிரதிநிதியான தேனீ எழுந்து நின்றது.

"இரண்டும் வேண்டாம். புழுக்களுக்குப் பாதித் தேன் கொடுப்போம். பிள்ளைகளும் பிழைக்கும், கணக்கும் நேராகும். இந்த நடுவழியை நான் ஆதரிக்கிறேன்."

சபை நிம்மதியோடு சிறகடித்து ஏற்றுக்கொண்டது. சொன்னபடியே கணக்கு நேரானது. ஒரு புழுகூடச் சாகவில்லை.

மறுபடி மழை பெய்து காடு பூத்தது. அறைகளைத் திறந்துகொண்டு இளம் தேனீக்கள் வெளியே வந்தன. எல்லாவற்றுக்கும் சிறகுகள் சுருங்கி, முதுகோடு ஒட்டிக் கிடந்தன. பிரதிநிதி வாசலில் நின்றிருந்தது.

"அக்கா, பூ வாசம் வருதே! எப்படிப் பறக்கணும்?" என்று கேட்டது ஒன்று.

"கொஞ்சம் பொறு, கண்ணு," என்று பிரதிநிதி சொல்வதற்குள் அது விளிம்பிலிருந்து ஆசையாகக் குதித்துவிட்டது. அதைப் பார்த்து மற்றவையும் குதித்தன.

கீழே எறும்புகள் காத்திருந்தன.