மேல் சுவிட்சின் ஏக்கம்

மாடிப்படியின் அடியில் ஒரு சுவிட்ச், உச்சியில் ஒரு சுவிட்ச். எதைத் தட்டினாலும் படியோரத்துப் பன்னிரண்டு வோல்ட் எல்.இ.டி. விளக்குகள் எரியும், மறுபடி எதைத் தட்டினாலும் அணையும். கீழே விளக்கைப் போடுவது நல்லப்பர். மேலே ஏறியதும் அணைப்பது அவர் மனைவி பூவாயி. அதுதான் அந்த வீட்டு வழக்கம்.

பூவாயி காலமான பிறகு நல்லப்பர் மாடி ஏறவில்லை. கீழேயே படுத்துக்கொண்டார், போடுவதும் அணைப்பதும் கீழேயே நடந்தது. மேல் சுவிட்ச் பூவாயியின் விரலுக்காக ஏங்கிக் கிடந்தது.

“அண்ணே, அம்மா கடைசியாகத் தட்டிய பக்கமே நீ சாய்ந்து கிடக்கிறாய். அதனால் நான் அணைக்கும் பக்கமாகத் தலைகீழாக நின்றால்தான் விளக்கு எரிகிறது. வருகிறவன் போகிறவனெல்லாம் சிரிக்கிறான்,” என்றது கீழ் சுவிட்ச்.

“நானாகத் திரும்ப முடியுமாடா? விரல் வரட்டும்.”

ஒரு மாலை மகள் வந்தாள். “என்னப்பா, சுவிட்ச் தலைகீழா நிக்குது? மேல ஒருக்கா தட்டினாச் சரியாப் போயிருமே,” என்று எழுந்தாள்.

“நீ இரு அம்மிணி, நான் போறேன்,” என்று நல்லப்பர் படியேறினார்.

மேல் சுவிட்சின் மீது ஒரு விரல் வந்து படிந்தது. சுவிட்ச் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. விரல் அழுத்தவில்லை. தூசியை மட்டும் மெல்லத் துடைத்துவிட்டு நல்லப்பர் இறங்கிப் போனார்.

“ஏன் அண்ணே, தட்டவில்லையா?”

“இல்லையடா. அவரும் அந்த விரலைத் தேடித்தான் வந்தார்.”

கீழ் சுவிட்ச் தலைகீழாகவே நின்று விளக்கை எரியவிட்டது.