யாரும் கேட்காத பாஸ்வேர்ட்

சர்வர் அறையின் குளிரிலும் அவனுக்கு வேர்க்கிறது. மருத்துவமனையின் அத்தனை நோயாளிகளின் ரகசியங்களும் அவன் காவலில்தான். காலையில் மாற்றிய பாஸ்வேர்டை அவன் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் திரையில் அம்புக்குறி தானாக நகர்கிறது. போனில் அக்கா கணவர், இந்த மென்பொருளை விற்றவர், கலகலவென்று சிரிக்கிறார். "உன் பாஸ்வேர்ட் எதுக்கு மாப்ளே? நாங்க வித்த எல்லா இடத்துக்கும் ஒரே சாவிதான். உள்ள வந்து கோளாறைச் சரிபண்ணிட்டேன் பாரு!" அவன் திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்கிறான். "இதுக்குள்ள நுழைய ரகசியப் பின்வாசலே கிடையாதுன்னு சொன்னீங்களே மாமா? உங்களை நம்பித்தானே பெரிய டாக்டர்கிட்ட அடிச்சுச் சொன்னேன்." "வெளியாளுக்குக் கிடையாதுடா. நான் உன் அக்கா புருஷன்!" பச்சை விளக்குகள் ஒன்றும் அறியாதவைபோல் கண்சிமிட்டுகின்றன. அவன் குனிந்து இணைய இணைப்பின் நீல வயரைப் பிடுங்குகிறான். யாரோ ஒரு நோயாளியின் பெயர்மேல் அம்புக்குறி அப்படியே உறைகிறது. "மாப்ளே... மாப்ளே..." என்கிறது போன்.