ரெண்டாவது ஓட்டு

முதல் சுற்றிலேயே அவள் அவுட்.

பஸ் டிப்போவின் டயர் ஷெட்டில் மேஜை போட்டு, யூனியன் தலைவர் தேர்தலுக்கு ஓட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். நின்றவர்கள் நாலு பேர். பழைய தலைவர், ஸ்டோர்கீப்பர், டயர் செக்‌ஷன்காரர், மெக்கானிக் வேலை பார்க்கும் இவள். இருப்பதிலேயே குறைச்சலான ஓட்டு இவளுக்குத்தான்.

தலைவருக்கு வாயெல்லாம் பல். "என்னம்மா, வந்த வேகத்துலயே திரும்பிப் போறியே?"

கூட்டம் சிரித்தது.

அவள் விரலிடுக்கில் இருந்த கிரீஸைத் துணியால் துடைத்தபடி, "இன்னும் எண்ணி முடியலையே தலைவரே" என்றாள்.

பல வருஷமாக அவரை அசைக்க ஆளில்லை. டிப்போவில் பாதிப் பேருக்கு மேல் அவரைப் பிடிக்காது. ஆனால் பிடிக்காதவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்து குத்துவார்கள். அவர் நோகாமல் ஜெயித்துவிட்டுப் போவார்.

அந்தக் கணக்கில்தான் அவள் கை வைத்தாள். ஒருத்தருக்கு மட்டும் ஓட்டுப் போடுவதை விட்டுவிட்டு, பிடித்த வரிசையில் ஒன்று, ரெண்டு, மூணு என்று எண் போடும் முறை வேண்டும் என்று பொதுக்குழுவில் எழுந்து கேட்டாள். யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட வேண்டும். அவருக்கு முதல் எண் போட்ட சீட்டுகளில் அடுத்த எண் யாருக்கோ, அந்த ஓட்டு அவருக்குப் போக வேண்டும்.

தலைவர் கொட்டாவி விட்டுக்கொண்டே சம்மதித்தார். எந்த முறை வந்தாலும் முதல் எண் தனக்குத்தானே என்கிற தெம்பு.

ஜெயிக்கும் ஆசை அவளுக்குக் கடுகளவும் இல்லை. வேட்பாளராக நின்றால்தான் எல்லா ஷிஃப்டிலும் போய்ப் பேச முடியும். பஸ் கழுவுகிற இடத்திலும், கண்டக்டர்கள் காலை நீட்டிக் கிடக்கிற ஓய்வறையிலும் அவள் ஒரே பேச்சைத்தான் பேசினாள்.

"முதல் நம்பர் உங்க இஷ்டம்ணே. ரெண்டாவதை மட்டும் ஸ்டோர்கீப்பருக்குப் போடுங்க."

யாரிடமும் முகம் சுளிக்காத மனுஷர் அவர். ரெண்டாவதுதானே, போட்டால் போகிறது என்று எல்லோரும் தலையாட்டினார்கள்.

இத்தனை பாடும் அவள் புருஷனுக்காக. அவன் ஓட்டிய பஸ் ஒரு இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் சுவரில் மோதியது. டிரைவர் குடித்திருந்தான் என்று விசாரணையில் தலைவர் கூசாமல் சொன்னார். அந்த வாடையே ஆகாதவன் அவன். லைசென்ஸ் போனது, வேலை போனது. இப்போதும் தெருவில் ஹாரன் கேட்டால் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறான்.

அவளுடைய சீட்டுகளைப் பிரித்து அடுத்த எண்ணைப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட எல்லாமே ஸ்டோர்கீப்பருக்கு.

அடுத்து டயர் செக்‌ஷன்காரர் போனார். அவருடைய சீட்டுகளிலும் அப்படியே. ஸ்டோர்கீப்பரின் கட்டு உயர்ந்துகொண்டே போனது. தலைவருடைய கட்டு வைத்த இடத்திலேயே கிடந்தது.

"முதல்ல நான்தானய்யா முன்னால இருந்தேன்!" தலைவர் மேஜையில் ஓங்கி அடித்தார்.

அவர் பக்கத்தில் நின்றவர்கள்கூட நைசாக நழுவி ஸ்டோர்கீப்பரைச் சூழ்ந்துகொண்டார்கள். தனியாக நின்றவரை அவள் கண் கொட்டாமல் பார்த்தாள். அவர் தலை குனிகிறவரை பார்த்தாள். வயிறு குளிர்ந்தது.

புதுத் தலைவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. "தங்கச்சி, இது நீ குடுத்த பதவி. உனக்கு என்ன செய்யணும், சொல்லு."

"ஒண்ணும் வேணாம்ணே. இந்த ஓட்டு முறையை மட்டும் மாத்திடாதீங்க. அடுத்த தேர்தலுக்கும் வேணும்."

"மாத்தவே மாட்டேன். சத்தியம்!"

விசாரணை அன்றும் இந்த ஸ்டோர்கீப்பர் சத்தியம்தான் செய்தார், அந்த பஸ்ஸுக்குப் புது பிரேக் லைனிங் கொடுத்தாகிவிட்டது என்று. அந்த லைனிங்கைக் கேட்டுக் கேட்டு, ஸ்டோர் வாசலிலிருந்து வெறுங்கையோடு திரும்பியவள் அவள்.