மாறாத சேனல்

"கழுத்தை வெட்டினா எல்லாரும் பாக்கலாம், முத்தம் குடுத்தா மட்டும் பாக்கக் கூடாதா? இது என்ன நியாயம்னு உங்க அப்பாகிட்டயே கேளுங்க" என்றாள் மருமகள், துணிகளைப் பெட்டியில் திணித்தபடி.

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அவள் வெளிநாட்டில் பிறந்து வளர்ந்தவள். அங்கே அப்பா அம்மாவோடு உட்கார்ந்து எந்தப் படத்தையும் பார்த்துவிடலாம். இங்கே முத்தக் காட்சி வந்தால் வீட்டுக்குள் பாம்பு நுழைந்த மாதிரிதான். "தண்ணி கொண்டு வர்றேன்" என்று அத்தை எழுந்துவிடுவாள். அதே நொடியில் மாமா சேனலை மாற்றிவிடுவார். போன வாரம் அவளைப் பார்க்க வந்த பெற்றோர் முன்னாலும் அதே கூத்து. அவர்கள் முகம் சுருங்கிப்போனதை அவளால் மறக்க முடியவில்லை.

"நாளைக்கு வண்டி வந்துடும். தனியாப் போயிடலாம்."

"அப்பா பேப்பர் படிக்கிறதைக்கூட விட்டுட்டார். அவருக்கு அந்த டிவி ஒண்ணுதான் துணை. இன்னிக்கு அவரோட உக்காந்து ஒரே ஒரு படம் பாரு. அப்பவும் போகணும்னு தோணினா போயிடலாம்" என்றான் கணவன்.

மத்தியானம் அத்தை தன் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மருமகள் வேண்டுமென்றே தான் வளர்ந்த நாட்டுப் படம் ஒன்றைத் தமிழ்க் குரலில் போட்டாள். மாமா வழக்கம்போல் ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரத்தில் அந்தக் காட்சி வந்தது. பாட்டு இல்லை, பின்னணி இசை இல்லை. வெகுநாள் பிரிந்திருந்த இருவரின் நீண்ட முத்தம். அவள் திரையைப் பார்க்கவில்லை. மாமாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் அசையவில்லை.

தனக்காக இந்த மனிதர் இவ்வளவு இறங்கி வந்திருக்கிறாரே என்று மனம் கரைந்துபோனாள். பெட்டியைப் பிரித்து அடுக்கிவிட வேண்டியதுதான் என்று தீர்மானித்தாள்.

"ஏம்மா" என்றார் மாமா மெதுவாக. "படத்துல ரெண்டு பேரும் ரொம்ப நேரமா பேசவே இல்லையே, சண்டையா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் கண்கள் டிவிக்குப் பக்கத்திலிருந்த வெறும் சுவரில் நிலைத்திருந்தன. அத்தை ஒவ்வொரு முறையும் "தண்ணி கொண்டு வர்றேன்" என்று அவர் காதில் விழச் சொல்லிவிட்டு எழுந்தது எதற்காக என்று அப்போதுதான் உறைத்தது.

"இல்ல மாமா" என்றாள், குரல் உடையாமல் பார்த்துக்கொண்டு. "சமாதானம் ஆயிட்டாங்க."